நாய் பிஸ்கட்டுக்குள்ள என்ன இருக்கு? துறைமுகத்திலிருந்து நம்ம ஓவன் வரைக்கும் ஒரு கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு நாய் பிஸ்கட்டோட வரலாறு. பெட் ஷாப்ல கண்ணாடி ஜாடிக்குள்ள எலும்பு வடிவத்துல அடுக்கி வச்சிருப்பாங்களே, அதேதான்.

ஏன் இந்தத் தலைப்புன்னா, கொஞ்ச நாளா உங்ககிட்ட இருந்து ஒரே மாதிரி மெசேஜ் வந்துகிட்டிருக்கு. "எங்க அபார்ட்மென்ட்ல எல்லாரும் சேர்ந்து நாய்களுக்கு ட்ரீட் பேக் பண்ற மாதிரி ஒரு நாள் வைக்கலாம்னு இருக்கோம், எப்படி நடத்தறது?" நாங்களும் எங்க குடியிருப்புல அப்படி ஒண்ணு நடத்தினோம். ரெசிபி சொல்ல அஞ்சு நிமிஷம் போதும். ஆனா கடையில வாங்கிக்கிட்டிருந்த ஒரு பொருளை மனுஷங்க ஏன் திரும்ப வீட்டு ஓவனுக்குக் கொண்டு வந்தாங்க? அதுக்குப் பின்னாடி சுமார் 160 வருஷக் கதை இருக்கு. அது தெரிஞ்சா, அந்த நாள்ல எதுல கவனமா இருக்கணும்னு தானா புரியும். அதனால முதல்ல கதை, கடைசியில ரெசிபி.

பிஸ்கட்டுக்கு முன்னாடி

நாய்க்கு மாவுல ஏதாவது செஞ்சு போடறது புதுசு இல்ல. கி.மு. முதல் நூற்றாண்டுல ரோமானிய எழுத்தாளர் வர்ரோ, விவசாயத்தைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். பண்ணை நாய்களுக்குப் பார்லி ரொட்டியைப் பால்ல ஊற வச்சுக் கொடுக்கணும்னு அதுல சொல்றார். அவருக்கு அப்புறம் வந்த கொலுமெல்லா, பார்லி மாவைப் பால் திரிஞ்ச தண்ணியில கலந்து கொடுக்கச் சொல்றார். நம்ம ஊர்ல பழைய சோறும் கஞ்சியும் போடற மாதிரிதான். வீட்டுல என்ன தானியம் இருக்கோ, அதுல நாய்க்கும் ஒரு பங்கு.

நாயோட உடம்பும் இதுக்கு ஏத்த மாதிரி மாறியிருக்கு. 2013-ல ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மாவுச்சத்தைச் செரிக்க உதவற ஒரு மரபணு, பேரு ஏஎம்ஒய்2பி. ஓநாய்கிட்ட அது 2 பிரதிதான் இருந்தது. நாய்கள்கிட்ட 4-ல இருந்து 30 பிரதி வரைக்கும் இருந்தது. மனுஷனோட தானியத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டே வாழ்ந்த ஒரு மிருகத்தோட உடம்புல, அந்தச் சாப்பாடே பதிவாகியிருக்கு.

இதை ஞாபகம் வச்சுக்கோங்க. ஏன்னா இதுக்கப்புறம் வரப்போற ஆட்கள், நாய்க்கு நம்ம சாப்பாடே ஆகாதுன்னு நம்மகிட்ட விக்கப் போறாங்க.

லண்டன்ல ஒரு இடிதாங்கி வியாபாரி

ஜேம்ஸ் ஸ்ப்ராட். அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துக்காரர், தொழில் இடிதாங்கி விக்கறது. 1850-கள் முடியற சமயத்துல வியாபாரத்துக்காக லண்டன் போறார். அங்க துறைமுகத்துல, கப்பல்ல மிஞ்சின ரொட்டியைத் தூக்கிப் போட, அதைத் தெரு நாய்கள் அடிச்சுப் பிடிச்சுத் தின்னறதைப் பார்த்தார்னு ஒரு கதை உண்டு. அங்கிருந்துதான் அவருக்கு யோசனை வந்ததாம்.

அந்தக் கப்பல் ரொட்டி எப்படிப்பட்டதுன்னு கொஞ்சம் பார்ப்போம். மாவு, தண்ணி, சில சமயம் உப்பு, அவ்வளவுதான். அதை ஈரமே இல்லாம, கல்லு மாதிரி ஆகற வரைக்கும் சுடுவாங்க. ஈரம் இல்லைன்னா பூசணம் வராது, மாசக்கணக்கா தாங்கும். பிஸ்கட்ங்கற வார்த்தையே 'ரெண்டு முறை சுட்டது'ன்னு அர்த்தம் வர்ற லத்தீன் சொற்கள்ல இருந்து வந்ததுதான். ரெசிபிக்கு வரும்போது இந்த 'ரெண்டு முறை' நமக்குத் தேவைப்படும்.

1860 வாக்குல ஸ்ப்ராட் தன்னோட சரக்கைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். கோதுமை மாவு, காய்கறி, பீட்ரூட், கூடவே காய வச்ச மாட்டிறைச்சி. காப்புரிமை எல்லாம் வாங்கி, 'மீட் ஃபைப்ரின் டாக் கேக்ஸ்'னு பேர் வச்சார். வேட்டை நாய் வளர்க்கற இங்கிலாந்து கனவான்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போச்சு. பின்னாடி கிழக்கு லண்டன்ல பாப்லர் பகுதியில, கால்வாய்க் கரையோரமா பெரிய தொழிற்சாலையே எழும்பினது. அந்தக் கட்டடம் இன்னும் இருக்கு. இப்போ அதுல வீடுகளும் ஸ்டுடியோக்களும் இயங்குது.

அந்தக் கம்பெனியில சின்ன வயசுலயே ஆபீஸ் பையனா சேர்ந்தவர் சார்ல்ஸ் க்ரஃப்ட். ஊர் ஊரா போய் விக்கற சேல்ஸ்மேனா வளர்ந்தார். 1886-ல டெரியர் நாய்களுக்கு ஒரு கண்காட்சி நடத்தினார். 1891-ல லண்டன் இஸ்லிங்டன்ல தன் பேர்லயே ஒண்ணு ஆரம்பிச்சார். அதுதான் இன்னைக்கு உலகப் புகழ் பெற்ற 'க்ரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சி. ஸ்ப்ராட் கம்பெனியும் கண்காட்சிகள்ல நாய்களுக்கு மேடை போட்டுக் கொடுத்து, சாப்பாடும் தன்னோடதையே கொடுத்தது. ஜெயிக்கற நாய் என்ன சாப்பிடுதுன்னு ஊரே பார்க்கும் இல்லையா? இப்போ இன்ஃப்ளூயன்சர் மார்க்கெட்டிங்னு சொல்றோமே, அதை இவங்க அப்பவே பண்ணிட்டாங்க.

சொல்லாத ஒரு பொருள்

ஸ்ப்ராட்டோட பிஸ்கட்ல இருந்த இறைச்சி எங்கிருந்து வந்தது? அமெரிக்கப் புல்வெளியில மேய்ஞ்ச மாடுன்னு விளம்பரம் சொன்னது. அதுக்கு மேல தகவல் கிடையாது. இறைச்சி வாங்கற ஒப்பந்தத்தை மட்டும் ஸ்ப்ராட் கடைசி வரைக்கும் தன் கையிலயே வச்சிருந்தார். 1880-ல அவர் இறந்தார்.

நம்ம பாஷையில சொன்னா, முதல் நாய் பிஸ்கட்டே க்ளோஸ்டு சோர்ஸ். வாங்கறவங்களுக்கு ரிசல்ட் தெரியும், உள்ள என்ன ஓடுதுன்னு தெரியாது.

இதோட இன்னொரு விஷயமும் சேர்ந்துச்சு. வீட்டுல மிஞ்சினதைப் போட்டா நாயோட செரிமானம் கெடும், குண்டாகும், சீக்கிரமே கிழடாகும்னு கம்பெனி பிரசாரம் பண்ணுச்சு. இந்த ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. உன் சமையலறையை நம்பாதே, என் பாக்கெட்டை நம்பு, ஆனா பாக்கெட்டுக்குள்ள என்னன்னு கேட்காதே. அடுத்த நூறு வருஷத்துக்கு இந்தத் தொழில் ஓடினது இந்த மூணு வரியிலதான்.

எலும்பு வடிவம் யாருக்காக?

அடுத்து நியூயார்க். 1908-ல எஃப்.எச். பென்னட்ங்கற பிஸ்கட் கம்பெனி, எலும்பு வடிவத்துல ஒரு நாய் பிஸ்கட்டை விக்க ஆரம்பிச்சது. பின்னாடி 'மில்க்-போன்'னு பேர் வாங்கினது அதுதான். இதுக்கும் ஒரு கதை உண்டு. கார்ல்டன் எல்லிஸ்னு ஒரு வேதியியலாளர். இறைச்சிக்கூடத்துல வீணாப் போற பாலை என்ன பண்றதுன்னு யோசிச்சு, அதுல பிஸ்கட் செஞ்சாராம். அவர் நாய் அதைச் சீண்டவே இல்லையாம். எலும்பு மாதிரி வெட்டிக் கொடுத்த உடனே சாப்பிட்டுச்சாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாய் சாப்பாட்டை முதல்ல மூக்காலதான் பார்க்கும். எலும்பு வடிவத்தைப் பார்த்து மயங்கறது நாமதான். சாஃப்ட்வேர்ல யூசர் வேற, கஸ்டமர் வேறன்னு அடிக்கடி சொல்வோம். ஆபீஸ்ல ஒரு டூலை வாங்க முடிவு பண்றது மேனேஜர், அதோட மல்லுக்கட்டறது நாம. நாய் பிஸ்கட்லயும் யூசர் நாய், கஸ்டமர் மனுஷன். இந்த யூசரால லேபிள் படிக்க முடியாது, ரிவ்யூ போட முடியாது, வயித்து வலின்னா வாய் விட்டுச் சொல்லவும் முடியாது.

1931-ல நபிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கினது. மனுஷங்க பிஸ்கட் விக்கற அதே சேல்ஸ் படை, மளிகைக் கடைகள்ல நாய் பிஸ்கட்டையும் அடுக்க ஆரம்பிச்சது. 1957-ல ப்யூரினா கம்பெனி, எக்ஸ்ட்ரூஷன் முறையில மாவை அழுத்திப் பொரிய வச்சு 'டாக் சௌ' கொண்டு வந்தது. இன்னைக்கு நாம பார்க்கற உருண்டை உருண்டையான உலர் உணவு அந்த வழியில வந்ததுதான். முழுச் சாப்பாடுங்கற இடத்தை அது பிடிச்சுக்கிட்டதும் பிஸ்கட்டோட வேலை மாறிப்போச்சு. அதுவரைக்கும் சாப்பாடா இருந்தது, ட்ரீட் ஆச்சு. "உட்கார்", "கை கொடு"ன்னு சொல்லிட்டு நாம கொடுக்கற அந்த ஒரு துண்டு.

"மிஞ்சினதைப் போடாதீங்க"

1964-ல அமெரிக்காவுல செல்லப் பிராணி உணவு தயாரிப்பாளர்களோட சங்கமான பெட் ஃபுட் இன்ஸ்டிட்யூட் ஒரு பெரிய பிரசாரம் ஆரம்பிச்சது. பத்திரிகை, ரேடியோன்னு எல்லா இடத்துலயும் ஒரே செய்தி: நாய்க்கு வீட்டுச் சாப்பாடு போடாதீங்க, பாக்கெட் உணவு மட்டும் போடுங்க. ஸ்ப்ராட் காலத்து வாதம்தான், இந்தத் தடவை ஒரு தொழிலே சேர்ந்து சொன்னது. பல வீடுகள்ல ஒரே தலைமுறையில பழக்கம் மாறினது.

இது முழுக்கப் பொய்யும் இல்ல, அதையும் சொல்லிடறேன். வீட்டுச் சாப்பாடுன்னாலே நல்லதுன்னு கிடையாது. அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல பெரும்பாலும் சோளமே சாப்பிட்ட ஏழை மக்களுக்குப் பெல்லாக்ரான்னு ஒரு நோய் வந்தது. அதே மாதிரி சாப்பிட்ட நாய்களுக்கு நாக்கு கருத்துப் போற நோய் வந்தது. 1937-ல கான்ராட் எல்வெஜெம் தலைமையிலான குழு, நிகோடினிக் அமிலம், அதாவது நியாசின் கொடுத்தா நாய்க்கு அந்த நோய் சரியாகுதுன்னு கண்டுபிடிச்சது. மனுஷங்களுக்குப் பெல்லாக்ரா மருந்து கிடைச்சது அந்த வழியாத்தான். அதனால சத்து கணக்குப் பார்த்துச் செஞ்ச உணவுக்கு மதிப்பு இருக்கு. என் பிரச்சினை அந்தக் கணக்கை மூடி வைக்கறதுலதான்.

2007: டெஸ்ட் பாஸ், நாய் ஃபெயில்

மார்ச் 2007. வட அமெரிக்காவுல பூனைகளுக்கும் நாய்களுக்கும் திடீர்னு சிறுநீரகம் செயலிழக்க ஆரம்பிச்சது. ஒரு தயாரிப்பாளர், முதல் அறிவிப்பிலேயே சுமார் 6 கோடி டப்பா, பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கிக்கறோம்னு சொல்ல வேண்டியதாச்சு. அப்பதான் மக்களுக்கு ஒண்ணு தெரிஞ்சது. மலிவான பிராண்ட், விலை உசந்த பிராண்ட்னு அவங்க தேடித் தேடி வாங்கின பல பேர்கள் ஒரே தொழிற்சாலையில இருந்து வந்துகிட்டிருந்தது.

காரணம், சீனாவுல இருந்து வாங்கின கோதுமைப் புரதத்துல கலந்திருந்த மெலமைன். ப்ளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படற வேதிப்பொருள். அதை எதுக்குக் கலக்கணும்? மாவுல எவ்வளவு புரதம் இருக்குன்னு பார்க்கற வழக்கமான சோதனை, புரதத்தை நேரடியா அளக்காது. நைட்ரஜனை அளந்து, அதுல இருந்து புரதத்தைக் கணக்குப் போடும். மெலமைன்ல எடையில மூணுல ரெண்டு பங்கு நைட்ரஜன்தான். கொஞ்சம் கலந்தாப் போதும், புரதம் நிறைய இருக்கற மாதிரி ரிப்போர்ட் வரும். கோட் வேலை செய்யணும்னு எழுதாம, டெஸ்ட் கேஸ் பாஸ் ஆகணும்னு மட்டும் எழுதற மாதிரி. அந்த மெலமைன் சயனூரிக் அமிலத்தோட சேர்ந்து சிறுநீரகத்துல படிகமா உறைஞ்சது.

அடுத்த வருஷம், 2008. சீனாவுல குழந்தைகள் பால் பவுடர்ல அதே மெலமைன். கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டாங்க, 6 குழந்தைகள் இறந்தாங்க. அதே ஏமாத்து வேலை, அதே சோதனை முறை. நாய், பூனைகள் விஷயத்துல அது ஒரு வருஷம் முன்னாடியே வெளிய வந்திருந்தது. நாய் பிஸ்கட்டுக்கு எதுக்கு ஒரு வரலாற்று எபிசோடுன்னு யாராவது கேட்டா, என் பதில் இதுதான்.

ட்ரீட்டுகளும் தப்பல. 2007-ல இருந்து, இறைச்சியைக் காய வச்சுச் செய்யற ஜெர்க்கி வகை ட்ரீட்டுகள் மேல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் குவிஞ்சது. 1,000-க்கும் மேல நாய்கள் இறந்ததா அந்தப் புகார்கள்ல பதிவாச்சு. பல வருஷம் ஆராய்ஞ்சும், இதுதான் காரணம்னு எந்தப் பொருளையும் உறுதியாக் காட்ட முடியல.

நாய்களுக்குன்னே பேக்கரி வைக்கறது அமெரிக்காவுல அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருந்தது. கான்சாஸ் சிட்டியில 1989-ல தொடங்கின த்ரீ டாக் பேக்கரி அதுல பேர் போனது. ஆனா வீட்டு ஓவன்ல சுடறது ஒரு ஆசைங்கறதைத் தாண்டி ஒரு பாதுகாப்பு முடிவா மாறினது 2007-க்கு அப்புறம்தான்.

சேர்ந்து சுடற நாள்

இப்போ உங்க கேள்விக்கு வரேன். எங்க குடியிருப்புல நடத்தினப்போ, தினமும் ராத்திரி தெரு நாய்களுக்குத் தயிர்சாதம் வைக்கற ஒரு ஆன்ட்டி வந்திருந்தாங்க. எல்லாரும் மாவு பிசைஞ்சுகிட்டிருக்கும்போது, "நாய்க்கு எதுக்குப்பா பிஸ்கட்? சோறு போட்டா திங்காதா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். ஆனா நியாயமான கேள்வி. திங்கும் ஆன்ட்டி. அதோட ஜீன்லயே அது இருக்கு. பிஸ்கட் நாய்க்கு அவசியமே இல்ல. அந்த நாளோட பயன் வேற: ஒரு மேஜையைச் சுத்தி நிக்கற பத்துப் பதினைஞ்சு பேருக்கும் அதுக்குள்ள என்ன போகுதுன்னு தெரியும். ஸ்ப்ராட் சொல்லாம போன விஷயத்தை நாம சுவத்துல எழுதி ஒட்டறோம்.

அதனால முதல் வேலை ரெசிபி இல்ல, லிஸ்ட். பெருசா எழுதி ஒட்டுங்க, இதெல்லாம் மேஜைக்கே வரக்கூடாது:

வெங்காயம், பூண்டு: பொடியா இருந்தாலும் சரி. நாயோட சிவப்பணுக்களை உடைக்கும். மிஞ்சின சாம்பார் சாதத்துல இருக்கற பிரச்சினையும் இதுதான்.

திராட்சை, உலர் திராட்சை: சிறுநீரகத்தைப் பாதிக்கும். சர்க்கரைப் பொங்கல், பாயசம் கொடுக்கறவங்க கவனிக்கணும்.

சாக்லேட், காபி, மக்கடாமியா பருப்பு: மூணுமே விஷம்.

சைலிடால்: சர்க்கரைக்குப் பதிலா சேர்க்கற இனிப்பு. மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாது. நாய்க்கு ரத்தச் சர்க்கரை சட்டுனு விழும், கல்லீரலும் கெடலாம். சில பீநட் பட்டர்ல இது இருக்கு, லேபிளைப் பார்க்காம டப்பாவைத் திறக்காதீங்க.

ஈஸ்ட் போட்ட பச்சை மாவு: வயித்துக்குள்ள போய் உப்பும், ஆல்கஹாலும் உண்டாக்கும். நம்ம ரெசிபியில ஈஸ்டே வேண்டாம்.

ரெசிபி: கோதுமை மாவு 2 கப், வேகவச்சு மசிச்ச பரங்கிக்காய் 1 கப், முட்டை 1. உப்பு, சர்க்கரை எதுவும் வேண்டாம். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாப் பிசைங்க, பரங்கிக்காய்ல தண்ணி அதிகமா இருந்தா மாவு சேர்த்துக்கலாம். தேய்ச்சு, விரல் நக அளவுக்குச் சின்னச் சின்னதா வெட்டுங்க. 170 டிகிரியில 25 நிமிஷம். அப்புறம் கப்பல் ரொட்டிக்காரங்க பண்ணதையே நாமும் பண்றோம்: சூட்டை 100 டிகிரிக்குக் குறைச்சு, உள்ள ஈரம் போய் 'டக்'னு உடையற வரைக்கும் இன்னும் ஒரு மணி நேரம் போல விடுங்க. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல இந்த ரெண்டாவது சூடு இல்லைன்னா சீக்கிரமே பூசணம் பிடிக்கும். நல்லா ஆறினதுக்கு அப்புறம்தான் டப்பாவுல போடணும்.

ஒவ்வொரு பாக்கெட் மேலயும் மூணு வரி எழுதுங்க: என்னென்ன பொருள், எந்தத் தேதி, யார் செஞ்சது. இதை மட்டும் விட்டுடாதீங்க. ஒரு நாய்க்கு ஒத்துக்கலைன்னா காரணத்தைத் தேட அந்த மூணு வரிதான் இருக்கு. 2007-ல மக்களுக்குக் கிடைக்காம போனது அதுதான்.

கோதுமையோ முட்டையோ சேராத நாய்கள் இருக்கும். சிறுநீரகம், கணையப் பிரச்சினை உள்ள நாய்களும் இருக்கும். வர்றவங்ககிட்ட முன்னாடியே கேட்டுடுங்க, அவங்க மருத்துவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வரட்டும். சுடும்போது நாய்கள் ஹால்ல வேண்டாம். சூடான ட்ரே ஒரு பக்கம், ஒரு துண்டு மாவுக்குச் சண்டை ஒரு பக்கம்னு ஆயிடும். நாங்க எல்லாம் ஆறி முடிச்ச அப்புறம் சாயந்திரம்தான் வரச் சொன்னோம், அதுவும் ஒவ்வொண்ணா. கடைசியா அளவு: ட்ரீட் எல்லாம் சேர்த்து, ஒரு நாளோட கலோரியில பத்துல ஒரு பங்குக்குள்ள இருக்கணும்ங்கறதுதான் மருத்துவர்கள் சொல்ற பொதுவான கணக்கு. எவ்வளவு அன்பா சுட்டாலும் பிஸ்கட், பிஸ்கட்தான்.

இன்னொண்ணு, எலும்பு வடிவ கட்டர் தேடிக் கடை கடையா அலையாதீங்க. கத்தியால கட்டம் போட்டு வெட்டினாலே போதும். உங்க யூசர் கண்டிப்பா புகார் பண்ணாது.

நீங்க நடத்தினா, உங்க பாக்கெட்ல எழுதின அந்த மூணு வரியைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.